ரெஃபரன்ஸ் ஃபார்மேட்டிங்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: 180 டாலர் போச்சு

180 டாலர். ஆய்விதழுக்குப் போகவேண்டிய ஒரு கட்டுரையின் 94 ரெஃபரன்ஸையும் (ஆதாரக் குறிப்புகளையும்) அந்த இதழ் கேட்கும் நடைக்கு மாற்றித் தர ஆன்லைன் ஃபார்மேட்டிங் சேவை ஒன்றுக்குக் கட்டிய தொகை இது. பெயர் வேண்டாம். "அப்படியே சமர்ப்பிக்கலாம், நீங்கள் தொடவே வேண்டாம்" என்று விளம்பரம் செய்யும் ரகம். அவர்கள் கொடுத்த கோப்பு எடிட்டர் கைக்குக்கூடப் போகவில்லை. தொழில்நுட்பச் சரிபார்ப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கட்டவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

நம்ப வைத்தது அவர்கள் கொடுத்த இலவச மாதிரிப் பக்கம். குறை சொல்ல இடமே இல்லை. ஆதாரங்களை எண்ணால் சுட்டும் வான்கூவர் நடை, ஆறு ஆசிரியர் பெயர், அதற்கு மேல் இருந்தால் எட் அல் (மற்றும் பிறர்). இதழ்ப் பெயர்களெல்லாம் முறைப்படி சுருக்கப்பட்டிருந்தன. நேச்சர், சயின்ஸ் மாதிரி ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்காமல் விட்டிருந்தார்கள். அது தெரிந்தவன் செய்கிற வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேர்டில் ஆதார எண்ணின் மேல் கர்சரை வைத்தால் சாம்பல் நிறம் படர்ந்தது. அதாவது அது வெறும் எண் இல்லை, அடியில் ஜோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளின் ஃபீல்ட் கோட் (எண்ணையும் பட்டியலையும் இணைக்கும் மறைகுறி) உயிரோடு இருக்கிறது. "94-ம் இதே தரத்தில் வரும், ஒவ்வொரு டிஓஐ-யையும் கிராஸ்ரெஃபில் பார்த்துத்தான் போடுவோம்" என்று சாட்டில் எழுத்தில் கொடுத்தார்கள். டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண், கிராஸ்ரெஃப் அவற்றைப் பதிவு செய்யும் அமைப்பு. இதற்கு மேல் என்ன கேட்பது? 180 டாலரும் முன்பணமாகப் போனது.

வந்த கோப்பைத் திறந்தால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆல்ட்டும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் வேர்டில் ஃபீல்ட் கோடெல்லாம் வெளியே தெரியும். அழுத்தினால் ஒன்றுமே இல்லை! எல்லா எண்ணும் கையால் அடித்தவை. ஆனால் பின்னால் இருக்கும் பட்டியலுக்கு மட்டும் வேர்டின் தானியங்கி எண். இந்த இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். ஒரே குழு ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு வெவ்வேறு கட்டுரைகளை நகல் என்று நினைத்து ஒன்றை நீக்கியிருக்கிறார்கள். நீக்கியது 57-ஆவது. பட்டியல் தானாக ஒன்று மேலே ஏறிக்கொண்டது, உள்ளே அடித்த எண்கள் அப்படியே நின்றன. 58 என்று சொல்லும் இடத்தில் 59-இன் கட்டுரை. அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொரு கூற்றும் அடுத்தவன் ஆதாரத்தைக் காட்டுகிறது. 94 என்று முடியும் எண்ணுக்குப் பட்டியலில் ஆளே இல்லை.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. மூலக் கோப்பில் சைட்டேஷன் (கட்டுரைக்குள் ஆதாரத்தைச் சுட்டும்) எண்கள் சதுர அடைப்புக்குள் இருந்தன. இதழுக்கு அவை மேலெழுத்தாக வேண்டும். ஜோட்டெரோவில் ஸ்டைலை மாற்றினால் ஒரு நிமிட வேலை. இவர்கள் ஃபீல்டை உடைத்துவிட்டு, ஃபைண்ட் ரிப்ளேஸில் சதுர அடைப்புக்குள் எண் இருக்கும் இடத்தையெல்லாம் மொத்தமாக மேலெழுத்தாக்கியிருக்கிறார்கள். முடிவுகள் பகுதியில் "இடைநிலை 14 நாள் [12–18]" என்று இருந்த கால்மான வீச்சு (நடுவில் உள்ள பாதித் தரவு அடங்கும் எல்லை), அடைப்பு போய், 14 நாளுக்குத் தலைக்கு மேல் 12–18 என்று நிற்கிறது. படிப்பவருக்கு அது ஏழு ரெஃபரன்ஸ். தரவையே அழித்திருக்கிறார்கள். இது ஃபார்மேட்டிங்கா?

டிஓஐ கதை தனி. 10-இல் தொடங்கி சாய்கோடு வரை உள்ள முன்பகுதி பதிவு செய்த பதிப்பாளரைக் குறிக்கும். கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் அந்தக் கட்டுரை. முன்பகுதி சரியாக இருந்தால் பார்வைக்கு எல்லாமே சரியாகத் தெரியும். சொடுக்கினால்தான் குட்டு வெளிப்படும். சில திறக்கவே இல்லை, சில அதே பதிப்பாளரின் சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரைக்குப் போயின. கிராஸ்ரெஃப் தேடல் இலவசம். தலைப்பை ஒட்டினால் பதில் வரும். அதைக்கூடச் செய்யாமல் ஏதோ ஏஐ கருவியிடம் கேட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பட்டியலின் நடுவில் திடீரென்று ஏபிஏ என்ற இன்னொரு நடை வேறு, ஆறு பெயரில் நிற்கவேண்டிய இடத்தில் பதினான்கு பெயர்.

புகார் கொடுத்தால், "கோப்பு எங்கள் தரக்குழுவில் இருக்கிறது." மறுபடி கேட்டால், "இதழின் வழிகாட்டுதலைத் திரும்பப் பதிவேற்றுங்கள்." பதிவேற்றினால் வேறு ஒருவர் வந்து முதலிலிருந்து என்ன பிரச்சினை என்று கேட்கிறார். சாட்டில் கொடுத்த வாக்கைப் படம் பிடித்து அனுப்பியதும் பதில் மாறியது: "உயிருள்ள சைட்டேஷன் உங்கள் பேக்கேஜில் இல்லை, மாதிரி என்பது மாதிரி மட்டுமே." பணத்தைத் திருப்பிக் கேட்டால், கோப்பைப் பதிவிறக்கிவிட்டதால் வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். பதிவிறக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? 180 டாலருக்கு ஈடாக அடுத்த ஆர்டருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் நீட்டினார்கள். அதோடு சாட்டை மூடிவிட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். அதற்கு இப்போது பொறுமை இல்லை, அந்த எண்களைத் திரும்பப் போடும் வேலை கிடக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

மூலக் கோப்பை ஃபீல்ட் கோடோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிரதியை மட்டும் அனுப்புங்கள். ஃபீல்ட் உடைந்தபின் அதிலிருந்து திரும்ப ஒட்டவைக்க வழி இல்லை. ஒவ்வொரு சைட்டேஷனையும் ஜோட்டெரோ நூலகத்திலிருந்து மறுபடி செருகித்தான் ஆகவேண்டும்.

மாதிரிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கத்தை ஏற்காதீர்கள். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டு இரட்டை, முன்அச்சு வடிவம் (இதழின் மதிப்பாய்வுக்கு முன் வெளியிட்ட பிரதி), பக்க எண்ணுக்குப் பதில் கட்டுரை எண் மட்டும் உள்ளது, இப்படிச் சிக்கலானவற்றை நீங்கள் பொறுக்கிக் கொடுங்கள்.

டிராக் சேஞ்சஸ் (ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்துக் காட்டும் வேர்ட் வசதி) போட்டுத்தான் திருத்தவேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். வந்ததும் வேர்டின் கம்பேர் வசதியில் மூலத்தோடு ஒப்பிடுங்கள். ரெஃபரன்ஸைத் தவிர வேறு எங்கே கை வைத்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பணத்தில் பாதியை ஆல்ட் எஃப்9 அழுத்திப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, முதல் சமர்ப்பிப்புக்கு எந்த நடையானாலும் ஒரே சீராக இருந்தால் போதும் என்று பல இதழ்கள் சொல்கின்றன. உங்கள் இதழின் ஆசிரியர் வழிகாட்டுதலில் அதை முதலில் தேடுங்கள். இருந்தால் 180 டாலரும் வேண்டாம், 18 டாலரும் வேண்டாம்.