வளவுக்குள் கிடைத்த துப்பாக்கி ரவை: பழைய இரும்புக்காரருக்கா, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கா?

போர் நடந்த முகமாலைப் பக்கம் மீளக்குடியேறிய சனத்துக்கு இது புதுக் கேள்வியில்லை. அத்திவாரம் வெட்டும்போதோ வாழைக்குக் கிடங்கு கிண்டும்போதோ மண்வெட்டியில் 'டங்' என்று ஏதோ தட்டுப்படும்.

விற்றால் காசு உடனே கையில். ரவையின் வெளிக்கூடான கோது பெரும்பாலும் பித்தளை, 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும். இரும்பைவிட நல்ல விலை. வெற்றுக் கோதென்றால் வெடிக்கிற பயமில்லை. வெடிக்காத ரவைதான் சிக்கல். அதன் அடியிலுள்ள தட்டினால் பொறி தரும் சின்ன மூடி, பல வருசம் மண்ணுக்குள் கிடந்தாலும் செத்துவிட்டதென்று நம்பமுடியாது. முனையிலுள்ள சன்னத்தைக் கழற்றவென்று குறட்டால் நெரிப்பவர்களை என்ன சொல்ல! மோட்டார் குண்டு இன்னும் மோசம்: உள்ளிருக்கும் டிஎன்டி என்ற வெடிமருந்து தண்ணீரில் கரைவதே அரிது, வெளியே எவ்வளவு துரு ஏறினாலும். சட்டமும் சும்மா விடாது. 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் ரவைகளுக்கும் பொருந்தும். அனுமதியில்லாமல் விற்றவரும் வாங்கியவரும் மாட்டுப்படலாம்.

119க்கு அடித்தால் காசு வராது, கரைச்சல்தான் வரும். பொலிஸ் வரும், கேள்வி வரும். பிறகு நீதிமன்ற அனுமதி எடுத்து அதிரடிப்படை வந்து அகற்றும்வரை அத்திவார வேலை நிற்கும். மேசனுக்குக் கூலி யார் கொடுப்பது? அந்த எரிச்சல் நியாயம்தான். ஆனாலும் நான் 119 பக்கம். 2002இலிருந்து ஹலோ ட்ரஸ்ட் இந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றுகிறது; பயிற்சியும் கவசமும் உள்ள அவர்களே அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கிறார்கள். நாங்கள் உரப்பையில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறோம்.