எச்எச்ஓ டிரை செல் கிட்: 20 ஆம்பியர் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

வண்டியின் மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலந்த வாயுவாக (எச்எச்ஓ) பிரித்து இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் எச்எச்ஓ கிட். மைலேஜ் கூடும், புகை குறையும் என்று விற்கப்படும் இந்தக் கிட்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீரைப் பிரிக்கும் ஏழு பிளேட் டிரை செல், தண்ணீர் டேங்க், வாயுவைத் தண்ணீர் வழியாக விடும் பப்ளர், ரிலே, 30 ஆம்பியர் பியூஸ், இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போகும் ஹோஸ்.

செல்லின் வடிவமைப்பில் குறை இல்லை. ஓரத்து இரண்டு பிளேட்டுக்கு மட்டும் மின்சாரம். நடுவில் ஐந்தும் நியூட்ரல், அதாவது நேரடி இணைப்பு இல்லாதவை. 13.8 வோல்ட் ஆறு இடைவெளிகளில் பிரிந்து தலா 2.3 ஆகிறது. அதற்கு மேல் கொடுப்பது சூடாகத்தான் போகும். பிளேட் 316எல் ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள். மட்டமான ஸ்டீல் கரைந்து தண்ணீர் பழுப்பாகும். அந்தக் கசடில் நச்சுக் குரோமியம் இருக்கலாம், வெறுங்கை வைக்கக் கூடாது. தண்ணீரில் மின்சாரம் பாய, டிஸ்டில்டு வாட்டரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும். உப்புப் போட்டால் குளோரின் வரும்.

இனி விளம்பரத்தில் வரும் "நிமிடத்துக்கு 2 லிட்டர்" கணக்கு. பாரடே விதிப்படி ஒரு ஆம்பியருக்கு, ஓர் இடைவெளியில், நிமிடத்துக்குச் சுமார் 11.4 மில்லி வாயு. ஆறு இடைவெளி, 20 ஆம்பியர் என்றால் 1.4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் காட்டுவது சூடேறிய செல்லின் நீராவி. வாயுவைக் குளிர்வித்து அளந்தால் தெரிந்துவிடும்.

அந்த வாயுவில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் சுமார் 150 வாட். செல் இழுப்பது 276 வாட். இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் திறன் 60%, இன்ஜின் திறன் 25% என்று வைத்தால், அந்த 276 வாட்டுக்குப் பெட்ரோலில் 1,800 வாட்டுக்கு மேல் எரிக்க வேண்டும். ஹைட்ரஜன் தீ வேகமாகப் பரவும், மெலிந்த கலவையும் எரியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதற்குக் காற்றில் சில சதவீதமாவது ஹைட்ரஜன் வேண்டும். 1.5 லிட்டர் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில், பாதி காற்றே இழுத்தாலும், நிமிடத்துக்கு 750 லிட்டர் உறிஞ்சும். கிட் தரும் ஹைட்ரஜன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

பிறகு சிலருக்கு மைலேஜ் கூடுவது எப்படி? கூடவே வரும் "சென்சார் டியூனர்" காரணமாக இருக்கலாம். அது ஆக்சிஜன் சென்சார் சிக்னலைத் திரித்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பெட்ரோலைக் குறைக்கும்படி செய்கிறது. கலவை மெலிந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க முடியாது. மைலேஜ் கூடி, காற்று கெடும். செல்லை அணைத்து, டியூனரை மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்கள். சேமிப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ரிலே வெறும் இக்னிஷனில் இருந்தால், இன்ஜின் நின்ற பிறகும் செல் ஓடி இன்டேக்கில் வெடிவாயு சேரும்; ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக இணையுங்கள். சூடேறச் சூடேற ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும், கரண்டை விட்டு விட்டுக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சர்க்யூட் கட்டாயம். பப்ளருக்குப் பிறகு, தீ செல்லுக்குத் திரும்பாமல் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லையென்றால் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். பப்ளரில் தண்ணீர் குறைந்தால் காரத் துளிகள் இன்டேக்கின் அலுமினியத்தை அரிக்கும்.

இன்ஜினில் ஹைட்ரஜன் பயன்பட வேண்டுமென்றால் வழி வேறு: வெளியே தயாரித்து, 350 பார் டேங்கில் நிரப்பி, தனி இன்ஜெக்டரும் அதற்கென எழுதிய இசியு மேப்பும் வைத்து, டீசலில் ஒரு பகுதிக்கு மாற்றாக எரிக்கும் டூயல் பியூயல் முறை. அங்கே டீசல் நிஜமாகவே குறையும்.