இறுதிக் காலத்தில் வீடு தேடி வந்த நோய் ஆதரவு சிகிச்சை: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

குணமாக்க இயலாத நிலையை எட்டிவிட்ட நோயாளியைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களை, அவர் எத்தனை நாள் கூடுதலாக உயிரோடு இருந்தார் என்பதைக் கொண்டு மதிப்பிட முடியாது. அவருடைய வலி அடங்கியதா என்பதையும், முடிவெடுக்கும்போது அவரையும் ஒரு மனிதராக எண்ணிக் கேட்டார்களா என்பதையும்தான் பார்க்க வேண்டும். வாய்ப்புற்றுநோயால் இறந்த என் தந்தைக்கு, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகக் காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் கிடைத்த நோய் ஆதரவு சிகிச்சையை, அதாவது குணமாக்க இயலாதபோதும் வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் கவனிப்பை, அந்த நோக்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் என்றே பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். படுக்கையில் விழுந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், தீராத நோயாளிகளுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இதில் அடங்கும் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. இச்சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இதற்கு முன் நாங்கள் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையில், “இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்” என்று தந்தையின் கட்டிலருகே நின்றபடியே என்னிடம் சொன்னார்கள். அவர் விழித்திருந்தார், கேட்டுக்கொண்டும் இருந்தார். அப்படி அனுப்பிய கையோடு, வலிக்கு என்ன தருவது, புண்ணை எப்படித் துடைப்பது என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. நோயைக் குணமாக்க முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று என்பதை, அடுத்து இத்திட்டத்தின் வழியாக வீட்டுக்கு வந்த செவிலியர் எங்களுக்குக் காட்டினார்.

அவர் வந்ததும் எங்களிடம் கோப்பைக் கேட்கவில்லை. தந்தையின் முகத்துக்கு நேராக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஐயா, இப்போ உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கிறது எது?” என்று கேட்டார். வலி என்றே பதில் வரும் என நாங்கள் நினைத்தோம். தந்தை தன் கன்னத்துப் புண்ணைக் காட்டி, நாற்றத்தால் பேரன் பக்கத்தில் வருவதில்லை என்று குழறலாகச் சொன்னார். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிய செவிலியர், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மீது தூவிக் கட்டுப் போடும் முறையை என் மனைவிக்குச் செய்து காட்டினார். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும் முன்பும், “பிரிக்கட்டுமா ஐயா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே தொட்டார். சில நாள்களில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பள்ளிக் கதை சொல்லத் தொடங்கினான். நோயாளியிடமே கேட்டிராவிட்டால் இந்தச் சிகிச்சை நடந்திருக்காது.

வலிக்கு அரசு மருத்துவர், அபினிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலிநீக்கியான மார்ஃபினை எழுதினார். அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்று உறவினர்கள் அஞ்சினார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்கள் கேட்கும் நடைமுறைக்குப் பயந்தே நாடெங்கும் மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கத் தயங்கின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்ட பின்னும் மக்கள் மனத்தில் பயம் போகவில்லை. வலிக்கு ஏற்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அந்த ஆபத்துகள் அரிது என்பதைச் செவிலியர் பொறுமையாக விளக்கினார். வலி வரும்வரை காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தர வேண்டும் என்றும், மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். அன்றிரவு தந்தை தூங்கினார். தடுக்கக்கூடிய வலியில் ஒருவரை விட்டுவைப்பது மருத்துவக் குறைபாடு மட்டுமன்று, அறப்பிழையும்கூட என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உண்மையைச் சொல்வது குறித்து வீட்டில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. “அவர்கிட்ட எதையும் சொல்லிடாதீங்கம்மா” என்று என் சித்தப்பா கேட்டுக்கொண்டார். “அவரா கேக்காத வரைக்கும் நானா சொல்ல மாட்டேங்க, கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்று செவிலியர் பதிலளித்தார். தந்தை ஒருநாள், மாங்காய் அறுவடை வரை இருப்பேனா என்று கேட்டே விட்டார். செவிலியர் உடனே ஆறுதல் சொல்லி மழுப்பவில்லை. “அதுக்குள்ள முடிக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டுக் காத்திருந்தார். தோப்பின் வரப்புத் தகராறும் கைமாற்றாக வாங்கிய ஒரு கடனும் அப்போதுதான் வெளியே வந்தன. சித்தப்பாவையே உட்காரவைத்து இரண்டையும் தந்தை தீர்த்தார். அதன் பிறகுதான் செவிலியர், அறுவடை வரை இருப்பது கடினம் என்று மெதுவாகச் சொன்னார். தந்தை அழுதார், ஆனால் அதற்குப் பிறகு எங்களிடம் மனம்விட்டுப் பேசினார்.

கடைசி நாள்களில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி ஊரார் வற்புறுத்தினார்கள். உடல் ஓயும் நிலையில் ஏற்றும் நீர் நெஞ்சில் கோத்து மூச்சுத் திணறலைக் கூட்டக்கூடும் என்றும், பசியும் தாகமும் தாமாகவே குறைவது இறப்பின் இயல்பு என்றும் செவிலியர் விளக்கினார். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாவையும் நனைக்கக் கற்றுத் தந்தார். தொண்டையில் கரகரப்புச் சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால், அது வந்த இரவில் நாங்கள் பதறி வண்டி தேடவில்லை. தந்தை தன் வீட்டில், தன் கட்டிலில் இறந்தார். மறுவாரம் செவிலியர் மீண்டும் வந்து, மீந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிக் கணக்கெழுதிப் பெற்றுக்கொண்டு, என் தாயோடு வெகுநேரம் அமர்ந்திருந்தார்.

இச்சேவையின் அமைப்பில் ஒரு போதாமை உண்டு. ஒரு வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் என்பதே ஏற்பாடு. தளி, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களை நினைத்தால் இது எப்படிப் போதும் என்று தெரியவில்லை. அங்கே தெலுங்கோ கன்னடமோ பேசத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதே முதல் தேவை. சேவை வேண்டுவோர் தம் பகுதியின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியலாம். நோயின் விவரமடங்கிய மருத்துவமனை அறிக்கையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்; நோயாளி படுத்த படுக்கையாகும்வரை காத்திராமல், வலி தொடங்கும்போதே கேளுங்கள்.