ஆறாத புண்ணுக்கு வெள்ளிக் கட்டா, அயோடினா, தேனா?

சர்க்கரை நோயாளியின் பாதத்திலும், வெரிகோஸ் வெயின் (காலில் புடைத்த சிரை) உள்ளவரின் கணுக்காலிலும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பது சாதாரணம். சீழ் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் பலர் விலை கூடிய வெள்ளிக் கட்டை, அதாவது வெள்ளி சேர்த்த கட்டுத்துணியை, வாங்குகிறார்கள். அதற்கு இரண்டு வார வேலை உண்டு, அதற்கு மேல் இல்லை என்பதே என் முடிவு.

ஈரம் பட்டதும் கட்டிலிருந்து வெள்ளி அயனிகள் வெளிவந்து கிருமிகளின் செல்சுவரையும் நொதிகளையும் தாக்குகின்றன. சூடோமோனாஸ் போன்ற பிடிவாதக் கிருமியும் இதற்கு அடங்கும். சில வகைகளை மூன்று நாள், ஏன் ஏழு நாள்கூட மாற்றாமல் விடலாம். தினமும் பிய்த்து எடுக்கும் வலி மிச்சம். ஆனால் மிக நுண்ணிய வெள்ளி பூசிய நானோ வெள்ளித் தாள் என்ற வகையைச் சலைனில் (உப்பு நீரில்) நனைக்கக்கூடாது. அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து அதை முடக்கிவிடும். கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) நீரில்தான் நனைக்க வேண்டும். இது தெரியாமல் காசு வீணாகிறது.

சரி, புண் சீக்கிரம் ஆறுமா? பிரிட்டனில் கால் சிரைப் புண் உள்ள 213 பேரிடம் நடந்த வல்கன் ஆய்வு 2009-ல் வெளியானது. வெள்ளிக் கட்டு போட்டவர்களுக்கும் சாதாரணக் கட்டு போட்டவர்களுக்கும் 12 வாரத்தில் ஆறிய அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செலவு மட்டும் கூடியது. சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதலும், புண்ணை ஆற்றுவதற்கென்று மட்டும் வெள்ளிக் கட்டு வேண்டாம் என்கிறது. அதனால் நாற்றம், கூடும் கசிவு, புதிதாய் வந்த வலி என்று கிருமி பெருகும் அறிகுறி தெரிந்தால் போடுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்து, குறைந்திருந்தால் நிறுத்துங்கள். குறையாவிட்டால் வேறு வழிக்கு மாறுங்கள்.

சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு மலிவு. ஆனால் தினமும் கழுவிப் பூச வேண்டும், புண்மேல் வெள்ளையாய்ப் படிந்து அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்குக் கூடாது.

கசிவும் அழுக்கும் அதிகமென்றால் நான் கேடெக்ஸோமர் அயோடினைத்தான் (அயோடின் ஏற்றிய மாவுச்சத்து மணிகள்) சொல்வேன். நீரை உறிஞ்சிக்கொண்டே அயோடினை மெல்ல விடும். பழுப்பு நிறம் வெளுத்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தைராய்டு கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல், சிறுநீரகக் கோளாறு, அயோடின் அலர்ஜி இருந்தால் தவிர்க்கவும்.

தேன்? சுத்திகரித்த மருத்துவத் தேனுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் நியூசிலாந்தில் 368 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில் சிரைப் புண் அதனால் வேகமாக ஆறவில்லை, வலிதான் அதிகமானது. சமையலறைத் தேன் வேண்டவே வேண்டாம்.

எதைப் போட்டாலும் பாதப் புண்ணில் மிதிக்கும் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சிரைப் புண்ணுக்கு, ரத்த ஓட்டம் சரியா என்று பார்த்தபின், இறுக்கிக் கட்டாவிட்டால், புண் அங்கேயேதான் நிற்கும். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ கட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.