ஆறு வருடமாக எங்கள் வீட்டில் நிற்கும் சொந்தத் தயாரிப்பு இரும்புப் பெட்டி

பத்திரம், வெள்ளிச் சாமான் வைத்துப் பூட்ட, 2019 கோடையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நானே வெல்டிங் அடித்துச் செய்த பெட்டி இது. உயரம் 450, அகலம் 400, ஆழம் 350 மில்லிமீட்டர். இரண்டு நூல் தகடு, அதாவது 6 எம்.எம். கதவில் மட்டும் இரட்டைத் தகடு. இந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் தகடே 47 கிலோ வரும். கீல், தாழ்ப்பாள் ராடு எல்லாம் சேர்த்துப் பெட்டி 60 கிலோவுக்குப் பக்கத்தில் நின்றது. செலவு 8,500 ரூபாய். என் கூலியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் கடையில் வாங்கியிருக்கலாம்.

"ஏனுங்க, பீரோ லாக்கர் பத்தாதுங்களா?" என்று மனைவி கேட்டாள். பீரோ லாக்கரின் தகட்டைப் பெரிய ஸ்குரூ டிரைவராலேயே நெம்பிவிடலாம் என்று காட்டப் போய், நிஜமாகவே வளைத்துவிட்டேன். அப்புறம் செய்யாமல் இருக்க முடியுமா?

பார்க்கிறவர்கள் எல்லாரும் பூட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் கையால் செய்த 8 லீவர் பூட்டு, அதாவது உள்ளே சாவி தூக்குகிற தகடுகள் எட்டு. இதுவரை இரண்டு முறை கிராஃபைட் தூள் ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான். எண்ணெய் விட்டால் தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு லீவர் ஒட்டும். என்னைப் படாத பாடு படுத்தியது கதவு.

வெல்டு ஆறும்போது இழுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். இருந்தும் அவசரத்தில் கதவு உட்காரும் சட்டத்தை ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலை வரை ஒரே ஓட்டமாக ஓட்டினேன், 3.15 எம்.எம். வெல்டிங் ராடு, 110 ஆம்பியர். கசடைத் தட்டிவிட்டு மூலைமட்டம் வைத்தால் இடது சட்டம் நடுவில் அரை நூல், அதாவது ஒன்றரை எம்.எம்., உள்ளே வளைந்திருந்தது. கதவுக்கு நான் விட்ட இடைவெளியே சுற்றிலும் 2 எம்.எம். தான். கிரைண்டரால் வெல்டைத் திறந்து, நேராக்கி, எல்லா இடத்திலும் டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்டு, வைத்துவிட்டு, 2.5 ராடில் விரல் நீளத்துக்கு ஒரு வெல்டு, ஆறவிட்டு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு நாள் போனது. கதவு சரியாக உட்கார்ந்தது.

பெயின்ட் அடித்தவுடன் மறுபடி உட்காரவில்லை. ரெட் ஆக்சைடு, பட்டி, அதன்மேல் மூன்று கோட் எனாமல். விளிம்பில்தான் எல்லாம் வழிந்து தடித்தது. தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நம்பி ராத்திரி சாத்தினேன். காலையில் கைப்பிடியில் தொங்கினேன். சடாரென்று திறந்தபோது சட்டத்து பெயின்ட் வெயிலில் உரிந்த தோல் மாதிரி கதவோடு வந்துவிட்டது. எனாமல் மேலே காய்ந்தாலும் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். இப்போது விளிம்பில் பெயின்டே இல்லை, மெல்லிய பிரைமரும் மெழுகும்தான். ஆறு வருடத்தில் அங்கே துருவும் இல்லை.

துரு வந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். புதுத் தகட்டின் மேல் நீலக் கறுப்பாக ஒரு செதில் இருக்குமே, முன்பக்கம் அதை கிரைண்டரில் மாட்டும் ஃப்ளாப் டிஸ்க்கால் தேய்த்து முழுக்க எடுத்தேன். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே பிரைமர் அடித்தேன். இரண்டாம் வருடம் செதிலோடு சேர்ந்து பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. அடிப்பக்கத்தை தினமும் தரை துடைக்கும் தண்ணீர் தின்றது. தரையில் நான்கு 12 எம்.எம். ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருந்ததால், அதைக் கழற்றி அடியில் இரும்புப் பட்டைத் துண்டுகள் கொடுத்துத் தூக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. போல்ட் போடாமல் விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 60 கிலோவை இரண்டு பேர் சத்தமில்லாமல் தூக்கிப் போய்விடுவார்கள்.

உள்ளே தட்டில் ரப்பர் ஷீட் விரித்திருந்தேன். "கண்ணு, வெளக்கு என்ன இப்படிக் கறுத்துப் போச்சு?" என்று அம்மா வெள்ளி விளக்கைக் கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் உறைத்தது. ரப்பரில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியைக் கறுப்பாக்கும். ஷீட்டை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி விரித்தேன். மழைக்காலத்தில் பத்திரங்கள் நமுத்துப் போகாமல் இருக்க சிலிக்கா ஜெல் பை இரண்டு. நீலம் மங்கி ரோஸ் ஆனால் சூடுகாட்டித் திரும்ப வைக்கிறேன்.

தீக்கு இது ஆகாது. வெறும் இரும்பு சூட்டை நேராக உள்ளே கடத்திவிடும். காகிதங்களுக்கான தீத்தடுப்புப் பெட்டிகளில் உள்சூடு 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று ஒரு தரமே உண்டு. அதற்குச் சுவருக்குள் கான்கிரீட் மாதிரி ஏதாவது நிரப்ப வேண்டும், நான் நிரப்பவில்லை. அதனால் நிலப் பத்திரத்தின் அசல் பேங்க் லாக்கரில், நகல் இங்கே.

இன்னொன்று செய்தால் ஆழத்தை 350லிருந்து 400 ஆக்குவேன். பத்திர ஃபைல் இப்போது சாய்த்து வைத்தால்தான் நுழைகிறது. கதவு இடைவெளியும் 3 எம்.எம்.