76.2-ஆ, 76.1-ஆ? புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு டியூப் வாங்குவோர் கவனத்துக்கு

டிஓஎம் டியூப் (வெல்டு செய்து, உள்ளே தண்டு வைத்து இழுத்துத் துல்லியமாக்கிய டியூப்) என்று சொல்லி 260 வெள்ளி வாங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடை சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இருக்கிறது, பெயர் வேண்டாம். இதே வேலையை எந்தக் கடையும் செய்யலாம், அளவுகள் அதற்கு அவ்வளவு தோதாக இருக்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இந்த ஷாஃப்டை நீட்டவோ புதிதாகச் செய்யவோ நினைப்பவர்கள் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேட்டது: வெளிவிட்டம் 76.2 மி.மீ., அதாவது 3 இன்ச்; சுவர் கனம் 3.2, நீளம் ஒன்றேகால் மீட்டர், டிஓஎம். இந்தக் கணக்கில் உள்விட்டம் 69.8 வரும். முனையில் வெல்டு செய்யும் யோக்கின் (ஜாயின்டைப் பிடிக்கும் கவட்டை) கழுத்து அந்த 69.8-க்குள் தட்டித்தான் ஏற வேண்டும், கையால் நுழையக் கூடாது. கவுண்டரில் காலிப்பர் வைத்துப் பார்த்தபோது வெளிவிட்டம் 76.1 காட்டியது. 0.1 வித்தியாசத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? பேநவ்வில் பணம் போனது, துண்டு வண்டியில் ஏறியது.

பொறி அந்த 0.1-இல்தான் இருக்கிறது. பிஎஸ் 1387, இப்போது இஎன் 10255, தரத்தில் வரும் தண்ணீர்க் குழாயில் இரண்டரை இன்ச் (டிஎன் 65) என்று விற்பதன் வெளிவிட்டம் 76.1 மி.மீ. குழாய்க்குச் சொல்லும் இன்ச் வெறும் பெயர்தான், அளவு கிடையாது. டியூபுக்குச் சொல்லும் இன்ச் உண்மையான வெளிவிட்டம். இரண்டரை இன்ச் குழாயும் மூன்று இன்ச் டியூபும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளேதான் வேறுபாடு. நடுத்தர வகைக் குழாயின் சுவர் 3.6, ஆகவே உள்விட்டம் 68.9. யோக் கழுத்து அதில் ஏறவே ஏறாது.

ஏறவில்லை என்றதும் கடையில் சொன்ன பதில்: "வெட்டின பிசிறு பாஸ், ஒரு தேய் தேய்ச்சா போயிடும்." பிசிறும் இருந்தது, பொய் இல்லை. சக்கர வெட்டி போட்ட முனை எப்போதும் உள்ளே மடங்கித்தான் நிற்கும். அதைத் தேய்த்து எடுத்த பிறகும் காலிப்பரின் உள்தாடை 68.9-ஐத் தாண்டவில்லை. விரலை உள்ளே விட்டுச் சுற்றினால் ஓரிடத்தில் மேடு தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்கோடாக ஓடும் வெல்டு மேடு, சுமார் ஒன்றரை மி.மீ. உயரம். வெளியே எண்ணெய் பூசித் துடைத்திருந்தார்கள். ஆனால் ஒரு முனையின் ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் நீல வண்ணம் கொஞ்சம் வந்தது. பிஎஸ் 1387 குழாயில் லைட் வகைக்குப் பழுப்புப் பட்டை, மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

உள்ளே கோடு தெரிகிறது என்பதற்காகவே எல்லா டியூபையும் தள்ளிவிடாதீர்கள். டிஓஎம் என்பதும் தையல், அதாவது வெல்டு இணைப்பு, உள்ளதுதான். தகட்டை உருட்டி மின்வெல்டு செய்து, மேட்டைச் சீவி, பிறகு உள்ளே மேன்ட்ரல் (உள்தண்டு) வைத்துக் குளிர்நிலையில் இழுக்கிறார்கள். அதனால் உள்ளே மங்கலாக ஒரு கோடு தெரியலாம், கையில் தட்டக் கூடாது. இதற்கு நேரெதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு: "சீம்லெஸ் (தையல் இல்லாதது) தர்றோம், இதைவிட நல்லது" என்பார்கள். கப்பல்துறைக்கும் எண்ணெய் ஆலைக்கும் வரும் சூடாக உருட்டிய சீம்லெஸ் பைப்பில் தையல் இல்லை, ஆனால் துளை நடுவில் இருப்பதில்லை. 76.2 × 3.2-இல் ஒரு பக்கம் 3.1, எதிர்ப்பக்கம் 3.3 என்றால்கூட எடையின் மையம் அரை மி.மீ. விலகிவிடும். சீம்லெஸ் வேண்டுமென்றால் குளிர்நிலையில் இழுத்ததா என்று கேளுங்கள்: இஎன் 10305-1, அல்லது ஜப்பான் தரத்தின் எஸ்டிகேஎம் வரிசையில் குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ். இரு முனைகளிலும் நான்கு இடத்தில் சுவர் கனம் அளக்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

"எல்லாம் ஒரே இரும்புதானே" என்பது அடுத்த வசனம். அதில் பாதி சரி என்பதால்தான் பலரும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். ஷாஃப்ட் எந்த வேகத்தில் வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும் என்பதற்கும் இரும்பின் கிரேடுக்கும் சம்பந்தமில்லை. விட்டமும் நீளமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 12 கோடியால் பெருக்கி, ஜாயின்டுக்கு ஜாயின்ட் நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள், எல்லாம் மி.மீ.யில். 76.2 × 3.2, நீளம் 1400 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 6,300 சுற்று. அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல், அதாவது 4,400-க்குள் ஓட்ட வேண்டும். விரைவுச்சாலையில் 90 கி.மீ. வேகத்தில், பின் ஆக்ஸில் விகிதம் 4.1-ம் டயர் சுற்றளவு 2.1 மீட்டரும் என்றால், ஷாஃப்ட் 2,900 சுற்றுதான் சுற்றும். முறுக்குவிசையும் பயப்படும் அளவுக்கு இல்லை. முதல் கியரில் 700 நியூட்டன் மீட்டர் வந்து, அதிர்ச்சிக்கு இரட்டிப்பாக எடுத்தாலும், சுவரில் வரும் தகைவு 54 எம்பிஏ (மெகாபாஸ்கல்) அளவுதான். தண்ணீர்க் குழாய் அதைத் தாங்கும்.

மீதிப் பாதியில்தான் வண்டி நடுங்குகிறது. அந்த வெல்டு மேடு ஒரு மீட்டருக்கு 35 கிராம் வரை எடை, அதுவும் ஒரே பக்கத்தில். 1.2 மீட்டருக்கு அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கத்தில் கிட்டத்தட்ட 38 கிராம் ஒட்ட வேண்டும். கார்டன் ஷாஃப்டுக்கு, அதாவது இந்த வகை ஷாஃப்டுக்கு, ஐஎஸ்ஓ அட்டவணை சொல்லும் ஜி16 என்ற பேலன்ஸ் தரத்தில், 3,000 சுற்றுக்கு, மிச்சம் இருக்கலாம் என்று அனுமதிப்பது ஏறக்குறைய 11 கிராம்தான். அதோடு குழாய் நேராகவும் இல்லை. வி-பிளாக்கில் வைத்து நடுவில் டயல் கேஜ் போட்டுச் சுற்றியபோது 1.8 மி.மீ. ஆட்டம் காட்டியது. நடுவில் 0.4-ம் முனைகளில் 0.25-ம் தாண்டக் கூடாது. அந்த வளைவு மட்டுமே 100 கிராம் எதிரெடை கேட்கும். பேலன்சிங் எடையை முனைகளில்தான் ஒட்டுகிறார்கள், வளைவோ நடுவில் இருக்கிறது. மெஷினில் குறைந்த வேகத்தில் சரியாகிவிட்டதுபோல் தோன்றும், சாலையில் வேகம் ஏறியதும் திரும்ப வந்துவிடும்.

இதைத் தெரியாமல் சில பட்டறைகளில் இன்னொரு தப்பும் நடக்கிறது. யோக் ஏறவில்லை என்றால் கழுத்தை லேத்தில் ஒரு மி.மீ. கடைந்துவிடுகிறார்கள். மேட்டில் இடித்து யோக் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், வெல்டு ஆறும்போது இன்னும் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நல்ல டியூப் கிடைத்தாலும் அந்த யோக் பயன்படாது. டியூபைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், யோக்கில் கை வைக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? இங்குள்ள இரும்பு ஸ்டாக்கிஸ்டுகள் பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் கப்பல்துறைக்கும் சரக்கு வைப்பவர்கள். அதனால் பைப் மலையாகக் கிடக்கும், வண்டிக்கு ஏற்ற மெல்லிய டியூப் அரிது. ஹைட்ராலிக் சிலிண்டர் டியூப் கிடைக்கும், உள்விட்டம் அருமையாக இருக்கும், ஆனால் சுவர் அனேகமாக 5 மி.மீ.க்கு மேல், வீண் எடை. எங்கள் முதல் தேர்வு, பதிவு நீக்கிய ஜப்பான் லாரியின் ஷாஃப்ட். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து கழிவு யார்டுக்கு வரும் லாரிகளில் துருப்பிடிக்காத ஷாஃப்ட் நிறைய. நெளிவு இல்லாததாகப் பார்த்து, பழைய வெல்டை லேத்தில் சீவி யோக்கை எடுங்கள், பழைய எதிரெடைத் துண்டுகளையும் நீக்குங்கள். டியூப் ஏற்கெனவே ஷாஃப்டாக ஓடிய டியூப், வேறு சான்றிதழ் எதற்கு? உள்விட்டம் உங்கள் யோக்குக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. இரண்டு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வெல்டுக்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸையே மாற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

புது டியூப்தான் வேண்டும் என்பவர்கள் ஆலையின் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், இஎன் 10204-இன் 3.1 வகை. கொடுத்த சான்றிதழில் இருக்கும் ஹீட் நம்பர் (இரும்பை உருக்கிய தொகுதியின் எண்) டியூபின் மேல் இருக்க வேண்டும். மேலே சொன்ன கடையும் ஒரு நகல் கொடுத்தது. அதில் டிஓஎம், 76.2 எல்லாம் அழகாக இருந்தது. டியூபில்தான் ஒரு எழுத்தும் இல்லை. வெட்டும்போது எண் உள்ள முனையை உங்கள் துண்டில் விடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வெட்டும் முன் எண்ணோடு படம் எடுங்கள்.

பில்தான் பலவீனமான இடம். அதில் "பைப் 76, 1 துண்டு" என்று மட்டும் எழுதிவிட்டார்கள். டிஓஎம் என்று வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லை. பில் எழுதும்போதே வெளிவிட்டம், சுவர் கனம், டிஓஎம், தரத்தின் எண், ஹீட் நம்பர் ஐந்தையும் எழுத வைத்திருந்தால், சொன்ன பொருளைத் தரவில்லை என்று சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் தைரியமாகக் கேட்கலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் விலை கேட்டிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். இந்த விஷயத்தில் கையில் இருந்த ஒரே ஆதாரம், "டிஓஎம் 76.2 இருக்கா?" என்ற கேள்விக்கு வந்த "இருக்கு பாஸ்" என்ற பதில்தான்.

அதைக் காட்டியதும் "வெட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற போர்டைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். உள்ளே போய் எடுத்து வந்த இரண்டாவது துண்டின் முனையிலும் அதே நீலம்.