ட்யூக் 390: டயர் மாற்றி 14,000 கி.மீ. ஓட்டிய பிறகு

என் கேடிஎம் ட்யூக் 390 பைக்கோடு வந்த மெட்ஸ்லர் பின் டயர் நடுவில் மொட்டையான பிறகுதான் டயர் விலையே விசாரிக்க ஆரம்பித்தேன். வளைவில் அந்த டயரைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் என் ஓட்டம் வேறு மாதிரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சேலத்திலிருந்து கோவை போய்வருவேன், பெரும்பாலும் நாலுவழிச் சாலை. எப்போதாவது ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஆசை மீறினால் கொல்லிமலையின் எழுபது. இந்தக் கணக்குக்கு மெத்தென்ற ரப்பர் வாங்கினால் நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்து, ஓரம் புதுசாகவே கிடக்கும்.

முதலில் போன கடையில், "160 போடுங்க தம்பி, வண்டி கும்முனு இருக்கும்" என்றார்கள். 160 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம்; வண்டியோடு வந்தது 150. கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ட்யூக்கின் பின் ரிம் நாலு அங்குல அகலம்தான். 150-க்கு அது சரி, 160-க்கு நாலரை வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூர்மையாகிவிடும். அகலத்துக்குக் காசு கொடுத்தும் தரையில் அது முழுசாகப் படியாது. பார்க்க வேண்டுமானால் கும்மென்று இருக்கும்.

சரி, 150-ஏ கொடுங்கள் என்றதும் ஒன்றை உருட்டி வந்தார்கள். பக்கவாட்டில் தூசியைத் துடைத்துப் பார்த்தேன்: 0918. 2018-ன் ஒன்பதாவது வாரத்தில் செய்தது. நான் நின்றிருந்தது 2021 டிசம்பரில். "ஓடாத டயர், புதுசுதான்" என்று சாதித்தார்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகத்தான் செய்யும். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேறு கடையில் அந்த வருடமே செய்த அப்பல்லோ ஆல்ஃபா ஹெச்1 கிடைத்தது. முன்னால் 110/70, பின்னால் 150/60 (இரண்டாவது எண், டயரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது), இரண்டும் 17 அங்குல ரேடியல், அதாவது உள் இழைகள் குறுக்காக ஓடும் வகை. அங்கேயும் ஒரு கூத்து. மாட்டி முடித்து டீ குடிக்கும்போதுதான் கவனித்தேன், பின் டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பின்பக்கம் சுழலும்படி இருந்தது. கழற்றித் திருப்பிப் போட இன்னொரு அரை மணி நேரம்.

முதல் 200 கி.மீ. பூனை நடைதான், புது டயரின் மேல்தோல் வழுக்கும். அதன் பிறகு நம்பிக்கை வந்தது. ஒரு நவம்பர் மழையில் ஏற்காடு இறங்கும்போது வளைவுக்குள் மண் கரைந்து ஓடியது. பின்சக்கரம் லேசாக நெளிந்து தானே நிமிர்ந்துகொண்டது. அதற்கு மேல் அன்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினாலும் ஆட்டம் இல்லை. வறண்ட வளைவில் பழைய மெட்ஸ்லரின் ஒட்டல் ஒரு பிடி கூடுதல்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காற்று விஷயத்தில்தான் நான் கறார். பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். தனியாக ஓட்ட எனக்கு முன்னும் பின்னும் 29 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே சொந்த மீட்டரில் பார்த்துவிடுவேன்.

ஒன்றரை வருடம் ஆகிறது. பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, வளைவில் சாய்க்கும்போது ஒரு படி இறங்குவது போலத் தெரிகிறது; நாலுவழிச் சாலையின் புண்ணியம். தேய்மான அடையாளத்தைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முன் டயரில் பாதிக்கு மேல் ரப்பர் மிச்சம். அடுத்த மழைக்கு முன் பின்னதை மட்டும் மாற்றப் போகிறேன், அதே 150-தான்.